விதானத்தின் ஒளியும் இலையின் வேதியியலும்: ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டை முன்வைத்து

செயற்கைக்கோளில் உள்ள உணரி காட்டைப் பார்க்கும்போது உண்மையில் அளப்பது ஒன்றைத்தான்: எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி மேல்நோக்கித் திரும்பி வருகிறது என்பதை. இலையில் நைட்ரஜன் எவ்வளவு, பச்சையம் எவ்வளவு, நீர் எவ்வளவு என்பவை அந்த அளவிலிருந்து ஊகித்துப் பெறப்படுபவை. ஊகத்துக்கு அடிப்படை சரியாக இருந்தால் ஏற முடியாத மலைமுகட்டுக் காட்டின் வேதியியலும் வரைபடமாகும். அடிப்படை தவறினால் அதே வரைபடம் மரங்களின் நெருக்கத்தையோ மலைச்சரிவின் சாய்வையோ காட்டிவிட்டு, அதற்கு நைட்ரஜன் என்று பெயர் சூட்டியிருக்கும். இரண்டையும் வண்ணத்தைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

நைட்ரஜன் மீது இவ்வளவு அக்கறைக்குக் காரணம் உண்டு. உழவர்கள் தழைச்சத்து என்று சொல்லும் இந்தத் தனிமம்தான் இலையிலுள்ள புரதங்களுக்கு அடிப்படை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் பணியைத் தொடங்கிவைக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, இலையின் நைட்ரஜனில் கணிசமான பங்கைத் தன்னிடம் வைத்திருக்கிறது. ஒரு காடு ஆண்டுக்கு எவ்வளவு கார்பனைச் சேர்க்கும் என்று கணக்கிடும் மாதிரிகள் பலவற்றுக்கு இலை நைட்ரஜன் ஓர் உள்ளீடு. இலை தின்று வாழும் விலங்குகளின் உணவுத்தரமும் அதைப் பொறுத்தது. உதிர்ந்த சருகு எவ்வளவு வேகமாக மக்கும் என்பதைத் தீர்மானிப்பவற்றில் நைட்ரஜனும் லிக்னினும் முதன்மையானவை.

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் எழும் மலைகள் இந்தக் கேள்வியைச் சோதிக்க மிகப் பொருத்தமான களம். 1988ஆம் ஆண்டு சாம்பல் நிற அணிலுக்காக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம், 2021 பிப்ரவரியில் மேகமலையுடன் சேர்க்கப்பட்டு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த புலிகள் காப்பகமானது. சமவெளிப் பக்கம் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்கள் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையை நம்பிக் கிடக்கும் வறண்ட நிலம். பட்டாசும் தீப்பெட்டியும் இங்கே வேரூன்ற அந்த வறட்சியே ஒரு காரணம். அங்கிருந்து மேற்கே சென்றால் வத்திராயிருப்பு, செண்பகத்தோப்பு, ராஜபாளையம் அய்யனார் கோயில் எனச் சில மணி நேரத் தொலைவில் நிலம் 1,800 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. அடிவாரத்தில் முட்புதர், அதற்கு மேல் இலையுதிர் காடு, ஓடைக்கரைகளில் மாவும் புளியும் மருதும், மேட்டில் பசுமைமாறாக் காடு. இத்தனை வகை விதானங்களும், அதாவது மரமுடிகள் சேர்ந்த இலைக்கூரைகளும், ஒரே செயற்கைக்கோள் படத்தின் சிறு மூலைக்குள் அடங்கிவிடுகின்றன.

ஒளிக்கு ஓர் இலைக்குள் என்ன நேர்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியும் பகுதியில், அதாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை, பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கிவிடும். சிவப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே திரும்புகிறது. 700ஐத் தாண்டியதும் காட்சி தலைகீழாகிறது. அண்மை அகச்சிவப்பில் ஒளியை உறிஞ்சும் நிறமி எதுவும் இலையில் இல்லை. உயிரணுச் சுவர்களுக்கும் காற்றிடைவெளிகளுக்கும் இடையே சிதறும் ஒளியில் ஏறக்குறையப் பாதி மேலே திரும்புகிறது, மீதியில் பெரும்பங்கு இலையை ஊடுருவிக் கீழே போகிறது. 1,300 நானோமீட்டருக்கு அப்பால் இலையிலுள்ள நீரின் ஆதிக்கம். 1,450, 1,940 ஆகிய இடங்களில் நீர் ஆழமாக உறிஞ்சுகிறது. புரதம், செல்லுலோஸ், லிக்னின் ஆகியவற்றின் உறிஞ்சல் தடங்களும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன.

ஒளியைப் பார்த்துப் பொருளைச் சொல்வது சிவகாசிக்குப் புதிதல்ல. மத்தாப்பு மருந்தில் ஸ்ட்ரான்சியம் இருந்தால் சிவப்பு, பேரியம் இருந்தால் பச்சை, சோடியம் இருந்தால் மஞ்சள். 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது, கேள்விக்குள்ளானது பச்சை நிறம் தரும் மருந்தே. தீப்பிழம்பில் இந்த அடையாளம் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படுகிறது, ஏனெனில் சூடேறிய அணுக்களும் சிறு மூலக்கூறுகளும் தமக்கே உரிய குறுகிய அலைநீளங்களில் ஒளியை உமிழ்கின்றன. இலை அப்படிப்பட்ட பொருள் அன்று. அதிலுள்ள நைட்ரஜன் தனித்து நிற்கும் அணுவாக இல்லாமல், புரதச் சங்கிலிக்குள் ஹைட்ரஜனோடும் கார்பனோடும் பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்புகளின் அதிர்வு 1,510, 2,060, 2,180 நானோமீட்டர்களை ஒட்டி ஒளியை உறிஞ்சுகிறது. தடங்கள் அகலமானவை, ஆழமற்றவை, ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. பக்கத்திலேயே நீரின் பெரும் உறிஞ்சலும் செல்லுலோஸின் 2,100 நானோமீட்டர்த் தடமும் கிடக்கின்றன. உலர்த்திப் பொடியாக்கிய இலையில் இந்தத் தடங்கள் நன்றாகத் தெரியும். கால்நடைத் தீவன ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக அப்படித்தான் புரதத்தை அளந்துவருகின்றன. ஆய்வாளர் பால் கரன் 1989இல் தொகுத்தளித்த இலை வேதியியல் உறிஞ்சல் தடங்களின் பட்டியலும் பெரும்பாலும் அந்த ஆய்வக மரபிலிருந்து வந்ததே. மரத்தில் இருக்கும் ஈரமான இலையில் அதே தடங்கள் நீரின் நிழலில் மங்கிவிடுகின்றன.

பச்சையத்தை வைத்து நைட்ரஜனைச் சொல்லலாமே என்று தோன்றும். பச்சைய மூலக்கூறில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் மூலக்கூறின் எடையில் அவை ஆறு விழுக்காட்டைச் சற்றே தாண்டும், இலையின் மொத்த நைட்ரஜனில் பச்சையத்தின் பங்கு மிகச் சிறியது. பச்சையமும் மொத்த நைட்ரஜனும் பல பயிர்களில் சேர்ந்தே ஏறி இறங்குவதால் வயலில் இந்த வழி பயன் தருகிறது. பல இனங்கள் கலந்த காட்டில் அந்த உறவு இனத்துக்கு இனம் மாறுகிறது.

இலையிலிருந்து விதானத்துக்குப் போகும்போது சிக்கல் பன்மடங்காகிறது. சிவப்பு ஒளி முதல் இலையிலேயே முடிந்துவிடும். அண்மை அகச்சிவப்பு ஒளி அப்படி முடிவதில்லை. ஓர் இலையில் பட்டுச் சிதறியது இன்னோர் இலையில் படுகிறது, அங்கிருந்து மூன்றாவதில் படுகிறது, இப்படிப் பலமுறை மோதிய பிறகே ஒரு பங்கு வெளியேறுகிறது. ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் மற்றோர் இலையில் சிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை முடிவுசெய்வது விதானத்தின் கட்டமைப்பு: இலைகள் கிடையாக விரிந்திருக்கின்றனவா செங்குத்தாகத் தொங்குகின்றனவா, கொத்துக்கொத்தாக அடைந்திருக்கின்றனவா பரவியிருக்கின்றனவா, மரங்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு, கீழே தெரிவது மண்ணா பாறையா சருகா. இலையின் உள்ளடக்கத்தில் அணுவளவும் மாற்றமில்லாமல் இவற்றில் ஒன்று மாறினாலும் படத்தின் பிரகாசம் மாறும். வெயில் ஏறும்போது பருப்புக் குடும்ப மரங்கள் சில தம் சிற்றிலைகளை மடித்துச் செங்குத்தாக்கிக்கொள்கின்றன. காலைப் படத்துக்கும் நண்பகல் படத்துக்கும் இடையே அந்த மரத்தின் எதிரொளிப்பு வேறுபட இதுவே போதும்.

இதை மையமாக வைத்து எழுந்த விவாதம் இத்துறையின் போக்கையே திருத்தியது. 2008ஆம் ஆண்டு நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஒல்லிங்கரும் குழுவினரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். வட அமெரிக்காவின் மிதவெப்ப, வடதிசைக் காடுகளில் இலை நைட்ரஜன் விழுக்காடு கூடக் கூட, விதானத்தின் அண்மை அகச்சிவப்பு எதிரொளிப்பும் வலுவாகக் கூடியது. கண்டுபிடிப்பின் கவர்ச்சி எளிதில் விளங்கும். நூற்றுக்கணக்கான அலைவரிசைகளும் விமானங்களும் வேண்டாம், சாதாரணச் செயற்கைக்கோளின் ஒரே அலைவரிசையே உலகக் காடுகளின் நைட்ரஜனைச் சொல்லிவிடும். அதற்கும் மேலாக, நைட்ரஜன் காட்டின் ஒளித்திருப்பும் தன்மையையே மாற்றி, அதன் வழியாகப் புவியின் வெப்பநிலையிலும் கைவைக்கிறது என்றாகும்.

2013இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் யூரி கின்யாசிகினும் ரங்கா மைனேனி உள்ளிட்ட இணை ஆசிரியர்களும் அதே இதழில் இதை மறுத்தனர். அவர்கள் வாதம் எளிமையானது. ஒல்லிங்கர் குழு எடுத்த காடுகளில் ஊசியிலை மரங்களும் அகன்ற இலை மரங்களும் வெவ்வேறு விகிதத்தில் கலந்திருந்தன. ஊசியிலைகளில் நைட்ரஜன் குறைவு, அகன்ற இலைகளில் கூடுதல். ஊசியிலைகள் நெருங்கிய கொத்துகளாக அமைவதால் ஒளி உள்ளேயே சிக்கி மடிகிறது, ஆகவே அந்தக் காடு அகச்சிவப்பில் இருண்டு தெரியும். அகன்ற இலைக் காடு பிரகாசிக்கும். ஒளியளவைத் தீர்மானித்தது கட்டமைப்பு, நைட்ரஜன் அதனோடு ஒட்டி வந்தது என்றார்கள். 710 முதல் 790 நானோமீட்டர் வரையிலான பகுதியைக் கொண்டு கட்டமைப்பின் பங்கைக் கணக்கிட்டு நீக்கினர். எஞ்சிய எதிரொளிப்பு 423 முதல் 855 நானோமீட்டர் வரை எல்லா அலைநீளங்களிலும் நைட்ரஜனோடு எதிர்த்திசை உறவு காட்டியது. இலையின் மேற்பரப்பு மினுமினுப்பால், உள்ளே நுழையாமலே தெறித்துத் திரும்பும் ஒளி கணக்கைக் கெடுக்கும் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். மாவிலையின் பளபளப்பைக் கவனித்தவர்களுக்கு இதன் முக்கியத்துவம் புரியும்.

ஒல்லிங்கர் தரப்பின் மறுமொழியும் எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. செடியின் பண்புகள் தனித்தனியே பரிணமிக்கவில்லை. நைட்ரஜன் செறிந்த இலையை வைத்திருக்கும் மரம் அதற்கேற்ற இலைத் தடிமனையும் கிளை அமைப்பையும் சேர்த்தே பெற்றிருக்கும். அப்படியானால் கட்டமைப்பை இரைச்சலாகக் கருதி நீக்கிவிடுவது, தேடும் தகவலையே தூக்கியெறிவதாகும் என்றனர் அவர்கள். குறுஅலை அகச்சிவப்பு உட்பட முழு நிறமாலையையும் பயன்படுத்தும் முறைகளை இந்த மறுப்பு தொடவில்லை என்று வேறு சிலரும் எழுதினர். இந்தக் கட்டுரையின் பார்வையில் இரு தரப்பும் ஒரு பொது இடத்தில் வந்து நிற்கின்றன: ஒரு காட்டில் கிடைத்த உறவு மற்றொரு காட்டுக்குச் செல்லுமா என்பது, அந்த உறவு எந்த வழியாக உண்டானது என்பதைப் பொறுத்தது. நைட்ரஜனே ஒளியை மாற்றியிருந்தால் உறவு எங்கும் செல்லும். மரபும் சூழலும் கட்டமைப்பையும் நைட்ரஜனையும் ஒன்றாகக் கட்டியிருந்தால், அந்தக் கட்டு இருக்கும் இடத்தில் மட்டுமே செல்லும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் அந்தக் கட்டு வேறு விதமாக முடிந்திருக்கிறது. இங்கே ஊசியிலைக் காடு இல்லை. அடிவாரப் புதர்க்காட்டில் வேல மரங்களும் உசிலும் பருப்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் பல, வேர்முடிச்சு நுண்ணுயிர்களின் துணையால் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கின்றன, அவற்றின் சிற்றிலைகள் நைட்ரஜன் செறிந்தவை. ஆனால் மரங்கள் தள்ளித்தள்ளி நிற்கின்றன, இலைப்பரப்பு குறைவு, இடையில் மண்ணும் பாறையும் தெரிகின்றன. மேட்டுப் பசுமைமாறாக் காட்டிலோ ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் தடித்த, தோல் போன்ற இலைகள். அத்தகைய இலையில் எடைக்கு எடை நைட்ரஜன் குறைவாகவே இருப்பது வழக்கம். ஆனால் விதானம் அடர்த்தியானது, அகச்சிவப்பில் பிரகாசமானது. வட அமெரிக்க உறவை அப்படியே கொண்டுவந்து பொருத்தினால், நைட்ரஜன் மிகுந்த புதர்க்காட்டை வறியதென்றும் குறைந்த மேட்டுக்காட்டை வளமானதென்றும் வரைபடம் சொல்லும் ஆபத்து இருக்கிறது. உறவு வலுவிழப்பதோடு நிற்காமல் திசையே மாறக்கூடிய நிலப்பரப்பு இது.

அலகு பற்றிய குழப்பமும் இங்கே நுழைகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு மாவிலையில் உலர் எடையில் 1.5 விழுக்காடு நைட்ரஜன், சதுர மீட்டர் இலைக்கு 120 கிராம் உலர் எடை என்று கொள்வோம். புளிய இலையில் 2.4 விழுக்காடும் 75 கிராமும் இருக்கட்டும். விழுக்காட்டில் புளி வெகுவாக முந்துகிறது. சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் இரண்டிலும் 1.8 கிராம்தான். ஒளி சந்திப்பது பரப்பை. ஆகவே ஒரு சதுர மீட்டரில் உள்ள பொருளின் அளவே உறிஞ்சலைத் தீர்மானிக்கிறது. ஆய்வகம் தருவதோ எடை விழுக்காடு. இரண்டையும் இணைப்பது இலையின் பரப்பெடை. அதை அளக்காமல் விட்ட ஆய்வில், உணரி பிடித்தது நைட்ரஜனையா இலைத் தடிமனையா என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது.

பருவம் இன்னொரு பொறி. இம்மலையின் உச்சியை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவ மேகம் மூடும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவ மேகம். தெளிந்த படங்கள் பெரும்பாலும் கிடைப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. இலையுதிர் காடு மொட்டையாக நிற்பதும் அந்த மாதங்களில்தான். அப்போது உணரிக்குத் தெரிவது கிளை, காய்ந்த புல், சருகு, காட்டுத்தீ பரவிய இடமாக இருந்தால் கரி. 2,100 நானோமீட்டர் அருகே செல்லுலோஸின் தடம் ஆழமாகத் தெரிந்தால், பார்த்துக்கொண்டிருப்பது உயிருள்ள இலையை அல்ல என்று கொள்ளலாம். அந்தப் படப்புள்ளிகளுக்கு இலை நைட்ரஜன் என்று ஓர் எண்ணைத் தருவதே பொருளற்றது. ‘தரவு இல்லை’ என்று விட்டுவைப்பதுதான் சரி.

எல்லாவற்றிலும் எளிதில் கண்ணுக்குத் தப்புவது சரிவின் திசை. சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்கள் உள்ளூர்ச் சூரிய நேரப்படி சுமார் காலை பத்தரை மணிக்குக் கடக்கின்றன. டிசம்பர் பிற்பகுதியில் அந்நேரத்தில் இவ்வட்டாரத்தில் சூரியன் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் இருக்கும். விருதுநகர்ப் பக்கச் சரிவுகள் கிழக்கு நோக்கியவை. 30 பாகை சாய்வுள்ள கிழக்குச் சரிவையும் அதே சாய்வுள்ள மேற்குச் சரிவையும் எடுத்துக் கணக்கிட்டால், முன்னதன் மீது விழும் நேரடி வெயில் பின்னதைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு. இரு பக்கமும் ஒரே இனங்கள், ஒரே நைட்ரஜன், ஒரே அடர்த்தி என்றாலும், திருத்தப்படாத படத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் செழிப்பாகவும் முகட்டுக்கு அப்பால் பெரியாறு பக்கம் மங்கலாகவும் தெரியும். உயர வரைபடத்தைக் கொண்டு இதைத் திருத்த முறைகள் உண்டு. ஆனால் மரங்கள் சரிவுக்குச் செங்குத்தாக வளர்வதில்லை, வானத்தை நோக்கி நேராக வளர்கின்றன. சமதளத் தகட்டுக்கு உரிய எளிய கோணத் திருத்தத்தைக் காட்டின் மீது போட்டால் நிழல் சரிவுகள் அளவுக்கு மீறிப் பிரகாசமாகிவிடும்.

சூரியக் கோணம் எவ்வளவு தூரம் திசைதிருப்பும் என்பதற்கு அமேசான் காடே சான்று. அங்கே வறண்ட மாதங்களில் காடு கூடுதலாகப் பசுமையடைகிறது என்று 2006இல் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் உணரியின் தரவைக் கொண்டு ஒரு குழு அறிவித்தது. 2014இல் டக்ளஸ் மார்ட்டனும் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில், அந்தப் பசுமை சூரியனுக்கும் உணரிக்கும் இடையிலான கோணம் மாறுவதன் விளைவு என்று காட்டினர். அதற்குப் பிறகு கோபுரங்களில் பொருத்திய ஒளிப்படக் கருவிகள், வறண்ட பருவத்தில் பழைய இலை உதிர்ந்து புதிய தளிர் வருவதை மரம் மரமாகப் பதிவு செய்தன. இலையின் வயது என்ற மூன்றாவது காரணி அப்படித்தான் விவாதத்துக்குள் வந்தது. தரையிலிருந்து பார்த்த கண் இல்லாமல் அது தீர்ந்திருக்காது.

சமவெளியில் வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. கண்மாய்களிலும் தரிசுகளிலும் பரவிய சீமைக்கருவேலம் கோடையிலும் பச்சையாக நிற்கும். வத்திராயிருப்பு, ராஜபாளையம் பக்கத்து மாந்தோப்பும் தென்னந்தோப்பும் ஆண்டு முழுவதும் இலையோடு இருப்பவை. சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் மட்டும் ஒப்பிடும் தாவரக் குறியீட்டில் நீர்பாய்ந்த மாந்தோப்பும் மலைமேல் பசுமைமாறாக் காடும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரலாம். அடர்ந்த விதானத்தில் அக்குறியீடு ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும் என்பது கூடுதல் குறை. சென்டினல்-2இல் 705, 740, 783 நானோமீட்டர்களில் உள்ள செவ்விளிம்பு அலைவரிசைகள் இங்கே ஓரளவு கைகொடுக்கும், பச்சையம் கூடும்போது சிவப்பிலிருந்து அகச்சிவப்புக்கு ஏறும் விளிம்பு நீண்ட அலைநீளத்தை நோக்கி நகர்வதால்.

தரையில் செய்ய வேண்டிய வேலை பொறுமையானது. வெயில் படும் உச்சிக் கிளையின் இலைதான் வேண்டும், ஏனெனில் உணரி பார்ப்பது அதையே. நிழலிலை கைக்கெட்டும் என்பதற்காகப் பறித்தால் இலை மாதிரியே பிழையாகிவிடும். பறித்த இலையை உடனே பையிலிட்டு மூடிக் குளிரில் வைத்து, பசுமை எடையையும் பரப்பையும் அன்றே அளக்க வேண்டும். பிறகு சூடேற்றியில் 65, 70 பாகையில் எடை மாறாத வரை உலர்த்தி, அரைத்து, 1883இல் டென்மார்க்கின் கெல்தால் வகுத்த முறையிலோ உயர் வெப்பத்தில் எரித்து வாயுவை அளக்கும் முறையிலோ நைட்ரஜன் கண்டறியப்படுகிறது. அடுத்து, ஒரு மரத்தின் எண் படப்புள்ளியின் எண்ணாகாது. 30 மீட்டர்ப் படப்புள்ளி 900 சதுர மீட்டர். கலப்புக் காட்டில் அதற்குள் பல இனங்களின் விதானங்கள் இருக்கும். ஒவ்வோர் இனமும் மேலிருந்து தெரியும் பரப்பில் எவ்வளவு பங்கு என்று மதிப்பிட்டு, அந்த விகிதத்தில் சராசரி எடுத்தால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் நாசாவும் இணைந்து 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை நடத்திய வான்வழி அளவீட்டில், ஏவிரிஸ்-என்ஜி என்ற கருவி 380 முதல் 2,510 நானோமீட்டர் வரை 5 நானோமீட்டர் இடைவெளியில் இந்திய நிலப்பரப்புகளைப் பதிவு செய்தது. அதில் முதுமலைக் காடும் அடங்கும். இந்திய அறிவியல் கழகம் 1988 முதல் மரம் மரமாகக் கணக்கெடுத்துவரும் 50 ஹெக்டேர் நிரந்தரத் திடல் முதுமலையில் இருக்கிறது. மேலிருந்து வரும் நிறமாலைக்குக் கீழிருந்து பதில் சொல்லக்கூடிய திடல் அது. 2018 நவம்பரில் ஏவப்பட்ட ஹைசிஸ் விண்ணிலிருந்தே 30 மீட்டர் நுணுக்கத்தில் பல அலைவரிசைகளைத் தந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக்கும் அப்படி ஒரு திடல் அமைவது, இன்னொரு செயற்கைக்கோளை விட இம்மலைக்குக் கூடுதலாகப் பயன்படும்.

கணிப்பின் துல்லியத்தைச் சோதிக்கும் முறையிலும் கண்டிப்பு வேண்டும். நூற்றுக்கணக்கான அலைவரிசைகளிலிருந்து நைட்ரஜனைக் கணிக்கும் பின்னடைவுச் சமன்பாடுகள் கையிலிருக்கும் திடல்களுக்கு அழகாகப் பொருந்திவிடும். செண்பகத்தோப்பில் பத்துத் திடல்களை எடுத்து, எட்டில் பயிற்றி அருகிலுள்ள இரண்டில் சரிபார்த்தால் முடிவு நன்றாகத்தான் வரும், அருகருகே உள்ள திடல்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால். செண்பகத்தோப்பில் பயிற்றியதை அய்யனார் கோயில் ஓடையிலோ சதுரகிரிச் சரிவிலோ சோதித்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். இன்னொரு சோதனையும் உண்டு: நிறமாலைக்குப் பதிலாக இலைப்பரப்பை மட்டும் வைத்து நைட்ரஜனைக் கணித்தாலும் அதே அளவு பொருத்தம் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால், வரைபடத்துக்கு நைட்ரஜன் என்ற தலைப்பு தகாது.

இந்தக் காட்டில் நம்பிக்கையோடு படிக்கக்கூடியவை இல்லாமல் இல்லை. இலை துளிர்க்கும், உதிரும் காலம், விதானத்தின் நீர்ச்செறிவு ஏறி இறங்குவது, ஒரே இன மரங்களுக்குள் பச்சைய வேறுபாடு, தீப்பட்ட பரப்பு மீண்டும் தழைக்கும் வேகம் ஆகியவை அவ்வகை. ஒரே படப்புள்ளியை ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே சூரியக் கோணத்தில் ஒப்பிடும்போது சரிவும் மண்ணும் இன அமைப்பும் ஏறக்குறைய மாறாமல் நிற்கின்றன. எஞ்சும் மாற்றத்தில் இலையின் பங்கைத் தேடுவது இடத்துக்கு இடம் ஒப்பிடுவதைக் காட்டிலும் பாதுகாப்பானது. அப்போதும் இலை எண்ணிக்கை குறைந்ததா, இலைக்குள் பச்சையம் குறைந்ததா என்பதைப் பிரித்தறிய செவ்விளிம்பையும் நீர்த் தடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். வறட்சியில் இலை உதிர்ந்தால் இரண்டும் சேர்ந்து சரியும். இலை நிலைத்து நிறம் மட்டும் வெளுத்தால் செவ்விளிம்பு குறுகிய அலைநீளத்தை நோக்கிப் பின்வாங்கும், 970, 1,200 நானோமீட்டர்களில் உள்ள நீர்த் தடங்கள் பெரிதாக மாறாது.